கிம்பான் சேகரித்த பாட்டு

டிபேரியு கிம்பானின் அப்பா லுகோஜ் நகரத்தில் தொப்பி விற்றார். மகனும் தொப்பி விற்பான் என்று நம்பினார். அந்த ஊரில் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் கோரஸ் ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போன பையன், சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு குரலில் பாடி அது ஒன்றாய் எழும்புவதைக் கேட்டு வாயைப் பிளந்தான். அதன்பிறகு தொப்பி வியாபாரத்துக்காக அந்த வாயை அவன் திறக்கவேயில்லை. வியன்னாவுக்கு இசை படிக்கப் புறப்பட்டபோது, கடையிலேயே உசத்தியான சாம்பல் நிறத் தொப்பியை எடுத்து அப்பா அவன் தலையில் வைத்தார்.

"பாட்டு வரலேன்னாலும் பாக்குறவன் மதிப்பான்" என்றார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது டிபேரியு திமிஷோராவில் இசைப்பள்ளி ஆசிரியராக இருந்தார். பல் டாக்டர் ஸ்மரண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். ஸ்மரண்டாவுக்குச் சங்கீத ஞானம் கிடையாது. அதை அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். கணவரின் முதல் சிம்பொனி அரங்கேறிய அன்று வெளியே வந்ததும், "மரத்துப்போற ஊசி போடாம பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்துச்சு, டிபி. ஆனா முடிஞ்சதும் ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, அது நல்லாருந்துச்சு" என்றாள். டிபேரியு இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது சிம்பொனி வெளிவந்த நேரம் சரியில்லை. ராஜாவை அனுப்பிவிட்டுக் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. இசை மக்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க ஆள் போட்டிருந்தார்கள். அந்த ஆள் தோழர் பஸ்கு. தீயணைப்புப் படையின் பாண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதிக்கொண்டிருந்தவர். தலைநகர் புக்கரெஸ்டில் கூட்டம் போட்டு இசையமைப்பாளர்களை வரிசையாக உட்காரவைத்து விசாரித்தார்கள்.

"தோழர் கிம்பான், உங்க சிம்பொனியில, ஒரு தொழிலாளி காலையில வேலைக்குப் போகும்போது சீட்டியடிக்கிற மாதிரி ஒரு மெட்டாவது இருக்கா?" என்று பஸ்கு கேட்டார்.

"ரெண்டாவது பகுதியில புல்லாங்குழல்ல ஒண்ணு வருது."

"எங்க, அடிச்சுக் காட்டுங்க."

டிபேரியு எழுந்து உதட்டைக் குவித்தார். அந்த மெட்டு ஆடு பாறைக்குப் பாறை தாவுவதுபோலத் தாவுகிற மெட்டு. காய்ந்துபோன உதட்டிலிருந்து காற்றுத்தான் வந்தது. இரண்டாம் முறை பாதி வந்து நின்றது. கூட்டம் சிரித்தது. பஸ்கு சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவரிடம், "எழுதினவராலேயே முடியலைன்னு போட்டுக்குங்க" என்றார்.

அன்று பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் கைதிகளோடு கால்வாய் வெட்ட அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை. டிபேரியுவுக்கு வேலை போனதோடு கிடைத்த தண்டனை, கோடை முழுவதும் மலைக்கிராமத்தில் தங்கி மக்கள் பாடுகிற பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவது. தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று என்று ஸ்மரண்டா பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

குர்பேனி என்ற அந்த ஊர் மலையிடுக்கில் இருந்தது. டிபேரியு பென்சிலும் காகிதமுமாகப் போய் இறங்கினார். அதுதான் வினையாகப் போயிற்று. அவருக்கு முன்னால் பென்சிலும் காகிதமுமாக வந்தவர்கள் எல்லோரும் லெவி வசூலிக்க வந்தவர்கள். ஆட்டு உரோமம், பால், உருளைக்கிழங்கு என்று வீட்டுக்கு வீடு அளந்துகொண்டு போனவர்கள்.

ஊரில் நல்ல தொண்டை யாருக்கு என்று விசாரித்ததில் அவ்ராம் என்ற இடையனைக் கைகாட்டினார்கள். வாட்டசாட்டமான இளைஞன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினான்.

"பாட்டா? எங்க ஊர்ல யாருக்கும் பாட வராதுங்க."

"கல்யாணத்துல பாடுவீங்கல்ல?"

"சாப்பிட்டுட்டுப் போயிடுவோம்."

"ஆடு மேய்க்கும்போது?"

"ஆடு பேசும். நாங்க கேட்டுக்கிட்டிருப்போம்." அவன் அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உரோமத்துக்கு லெவி போட்டாங்க, பாலுக்குப் போட்டாங்க. இப்பப் பாட்டுக்குமா? வீட்டுக்கு எத்தனைன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க பேசி முடிவு பண்ணிக்குவோம்."

டிபேரியு விளக்கினார். விளக்க விளக்கச் சந்தேகம் வலுத்தது. தூரத்துச் சரிவில் யாரோ பாடுவது கேட்கும். மூச்சிரைக்க ஏறிப் போனால் நாய் மட்டும் இருக்கும். சந்தில் நடந்தால் ஒவ்வொரு வேலியாகப் பாட்டு அணைந்துகொண்டே வரும். மற்றபடி உபசாரத்துக்குக் குறைவில்லை. சோளக்களியும் ஆட்டுப்பால் சீஸும் பிளம் சாராயமும் வாசலுக்கே வந்தன. பாட்டு மட்டும் வரவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்து அறையில் முடங்கிக் கிடந்த டிபேரியு, வெறுங்கையோடு திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்தார். கால்வாய் வெட்டப் போனவரின் முகம் ஞாபகம் வந்தது. பென்சிலை எடுத்தார். மக்கள் பாடாததை மக்களுக்காக அவரே எழுதினார். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தது ஒரு கட்டாகச் சேர்ந்தது. வியன்னாவில் கற்ற எதுவும் குறுக்கே வராமல் இவ்வளவு சுலபமாக அவர் எழுதியதே கிடையாது. அதில் ஒன்றை எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது.

*பாலத்தை ஆறு கொண்டு போச்சு – அம்மா,*
*பாத்திருந்த கண்ணை யாரு கொண்டு போனா?*

யார் பாடியது என்று போட வேண்டுமே. 'சாவேட்டா, இடையனின் விதவை, மிக வயதானவள்' என்று எழுதினார். ஸ்மரண்டாவின் ஞாபகம் வர, 'பல் கிடையாது' என்றும் சேர்த்தார்.

புக்கரெஸ்டில் தோழர் பஸ்கு பியானோவில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பெரிய கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"இதைத்தான் நான் அன்னைக்குச் சொன்னேன். இதைப் படிச்சவன் எவனாலயும் எழுத முடியுமா?"

"முடியாதுதான், தோழர்" என்றார் டிபேரியு.

பாலத்துப் பாட்டு காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ரேடியோவில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடமானது. ராணுவப் பாண்டு அதை நடைபோடுவதற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. சாராயக் கடைகளில் அதற்கு வேறு வரிகள் கிளம்பின. அவற்றை இங்கே எழுத முடியாது. டிபேரியுவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, பேகா கால்வாயைப் பார்த்தபடி பால்கனி வைத்த வீடும் கிடைத்தது. அச்சான புத்தகத்தில் 'பாடியவர்: சாவேட்டா' என்று பெரிய எழுத்திலும், 'சேகரித்தவர்: டி. கிம்பான்' என்று பொடி எழுத்திலும் இருந்தது. உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிடில்காரர், பாலத்துப் பாட்டை வாசித்துக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்தார். "என்னங்க கல்லு மாதிரி உட்காந்திருக்கீங்க? நம்ம மண்ணோட பாட்டு. கொஞ்சம் கைதட்டுங்க." டிபேரியு தட்டினார்.

அவருடைய சொந்தப் படைப்புகளோ அலமாரியில் கிடந்தன. எப்போதாவது ஒரு நால்வர் குழு ஒன்றை எடுத்து வாசிக்கும், சபையில் இருமல் சத்தம் கேட்கும், திரும்ப அலமாரிக்குப் போகும். வருஷங்கள் ஓடின. கெடுபிடி தளர்ந்த சமயத்தில் மூன்றாவது சிம்பொனியை எழுதி முடித்தார். அதன் நடுப்பகுதியில் பாலத்துப் பாட்டை, பெற்ற பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வருகிறவரைப் போல, ஓபோ வாத்தியத்தில் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் பத்திரிகையைப் பால்கனியில் உட்கார்ந்து ஸ்மரண்டாதான் படித்துக் காட்டினாள்.

"'இந்த நெடிய சிம்பொனி மூச்சுவிடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். எழுத்தறியாத மக்கள் மேதைக்கு வழிவிட்டு இசையமைப்பாளர் ஒதுங்கி நிற்கிற இடம் அது. துரதிர்ஷ்டவசமாக அவர் உடனே திரும்பி வந்துவிடுகிறார்.'" பத்திரிகையைத் தாழ்த்தினாள். "கீழ இன்னும் ஒரு வரி இருக்கு. வேணுமா?"

"படி."

"'எளிய கிராமத்துப் பெண்ணிடம் எடுத்துக்கொண்டதை நிகழ்ச்சி நிரலில் குறிப்பிட்டிருந்தால் பெருந்தன்மையாக இருந்திருக்கும்.'"

டிபேரியு எழுந்து நின்றார். காப்பிக் கோப்பை கவிழ்ந்தது.

"நான் திருடினேனாம். என்கிட்ட இருந்தே நான் திருடினேனாம். இப்பவே அந்தப் பத்திரிகை ஆபீசுக்குப் போறேன். சாவேட்டாவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாதுன்னு சொல்லப்போறேன்."

"சொல்லு. கட்சியை ஏமாத்தி வாங்கின வீட்டுல இருந்துதான் கிளம்பி வர்றேன்னு அதையும் சொல்லு. திரும்பி வர்றதுக்குள்ள பெட்டி கட்டி வைக்கிறேன்."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"எனக்கு என்ன வருத்தம்? என் பேஷண்டுங்க பாதிப் பேரு அந்தப் பாட்டை முனகிக்கிட்டேதான் வாயைத் திறக்குறாங்க. நீதான் போட்டதுன்னு ஆயிட்டா முனகுறவங்ககிட்ட வாடகை கேப்பே."

அவர் போகவில்லை. ஆனால் முள் உள்ளேயே தங்கிவிட்டது. பயந்த காலத்தில் அந்தப் பாட்டை ஒளித்துவைக்க முடிந்த மனிதருக்கு, பயம் போனபிறகு அது தன்னுடையது என்று யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் சிமினா வந்தாள். தலைநகரத்து ஆய்வு நிலையத்தில் நாட்டுப்பாடல் ஆராய்ச்சி செய்கிற பெண்; கெட்டிக்காரி; தோளில் எப்போதும் ஒரு டேப் ரெக்கார்டர் தொங்கும்.

"புரொபசர், பாலத்துப் பாட்டை மலை முழுக்க ஊர் ஊராப் பதிவு பண்ணியிருக்கேன். அந்த சுர அமைப்பு ரொம்பப் பழசு. ரோமாபுரிப் படை இங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு எங்க டைரக்டர் நினைக்கிறார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனா ஒரு ஆயிரம் வருஷமாவது இருக்கும்."

"அவ்வளவு இருக்காதும்மா" என்றார் டிபேரியு.

"நீங்க அடக்கமாப் பேசுறீங்க. சாவேட்டாம்மாவை நேர்ல பார்த்த ஒரே அறிஞர் நீங்கதான். என்கூட ஒரு தடவை குர்பேனிக்கு வரணும்."

உண்மையை அங்கேயே போட்டு உடைத்துவிடலாம், சாட்சிக்கு ஊரே இருக்கிறது என்று டிபேரியு கணக்குப் போட்டார். சாவேட்டா என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? அப்பா கொடுத்த தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குர்பேனிக்கு இப்போது தார் ரோடு போட்டிருந்தது. மின்கம்பங்கள் நின்றன. ஊர்த்தலைவர் அவ்ராம், அதே இடையன், மீசை நரைத்து வயிறு தள்ளி, கைகூப்பாத குறையாக வரவேற்றார். நேராக மயானத்துக்கு அழைத்துப் போனார். பிளம் மரத்தடியில் புதிதாக வர்ணம் பூசிய மரச்சிலுவையில் 'சாவேட்டா' என்று எழுதியிருந்தது. பூ வைத்திருந்தார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். தான் உண்டாக்கிய பெண்ணின் சமாதிக்கு முன்னால், வேறு வழியில்லாமல், டிபேரியுவும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மாவுக்குச் சித்தி முறை" என்று சிமினாவின் மைக்கில் அவ்ராம் சொன்னார். "அவங்க பாடினா ஆடெல்லாம் புல்லைத் தின்னாம நிக்கும்."

கூட வந்த கிழவி ஒருத்திக்கு, சாவேட்டாவுக்கு ஒரு கண் கிடையாது என்று ஞாபகம் இருந்தது. இன்னொருத்தி மறுத்தாள். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. பல்லுதான் இல்லை."

மதியம் ஊர்க்கூடத்தில் விருந்து. முட்டைக்கோஸில் சுருட்டிய இறைச்சி வந்தது, சாராயம் வந்தது. டிபேரியு கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்க. சாவேட்டான்னு யாரும் கிடையாது. அந்தக் கோடையில நீங்க யாரும் எனக்கு ஒரு வரிகூடப் பாடலை. மழையில உட்காந்து நானேதான் அந்தப் பாட்டைப் போட்டேன். வார்த்தையும் நான்தான், மெட்டும் நான்தான்."

அவரைப் பார்த்த கண்களில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. ஒரு கண் கிடையாது என்ற கிழவி, பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ரயில்பாதை நான்தான் போட்டேன்னுவாரு" என்றாள்.

சிமினா மெல்ல அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "பயணம் அதிகம், புரொபசர். தவிரவும், வாழ்நாள் பூரா ஒரு பாட்டோட இருந்தா அது நம்முதுன்னு தோணிடும். இதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கு." அவளுடைய டேப் ரெக்கார்டர் எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது.

அவ்ராம் அவரைத் தோளில் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள்.

"ஐயா, எனக்குத் தெரியாதா? வேலிக்குப் பின்னால நின்னு பாட வராதுன்னு சொன்னவனே நான்தானே."

டிபேரியு அவர் பக்கம் திரும்பினார். "அப்ப உள்ள ஏன் சொல்லலை?"

"உள்ள எப்படிச் சொல்றது? ரேடியோவுல எங்க ஊர் பேரு வந்த பிறகு ஜில்லாவுல இருந்து ஆளு வந்தான், சாவேட்டா வீடு எதுன்னான். இல்லைன்னு சொன்னா அவன் காரைத் திருப்பிட்டுப் போயிடுவான். இருக்குன்னு சொன்னோம். ரோடு வந்துச்சு. அடுத்த வருஷம் விழா எடுத்தாங்க, அதுக்காகக் கரண்ட் வந்துச்சு. இப்ப பஸ் கேட்டிருக்கோம், ஐயா. இந்தப் பொண்ணு புஸ்தகம் போட்டுட்டா பஸ் நிச்சயம். நீங்க கெடுத்துப்புடாதீங்க."

"அந்தச் சமாதியில யாரு இருக்கா?"

"எங்க அத்தை ஒருத்தி. பேரு வேற. பாடவும் தெரியாது, யார்கிட்டயும் பேசவும் மாட்டா. உசிரோட இருக்கறப்ப ஒருத்தரும் சீந்தலை. இப்பப் பாருங்க, வாராவாரம் பூ."

கூடத்துக்குள் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பாலத்துப் பாட்டுத்தான். டிபேரியு காதைத் தீட்டினார். 'யாரு கொண்டு போனா' என்கிற இடத்தில் அவர் மேலே ஏற்றி முடித்திருந்தார். இவர்கள் ஏறப்போவதுபோல் போய், ஏறாமல், பாதியில் தொய்ந்து இறங்கினார்கள்.

"அது தப்பு" என்றார்.

"அப்படித்தாங்க பாட வருது. நீங்க எழுதினது மாதிரி பாடினா மூச்சு முட்டுது. ஆத்துல ஆளைப் பறிகொடுத்தவ அவ்வளவு மேல போய்க் கத்துவாளா? தொண்டை அடைச்சுக்கும்ல?"

இரண்டாவது சரணத்தில் அந்த இடம் மறுபடியும் வந்தது. டிபேரியுவுக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அதுதான் சரி என்று பட்டது.

உள்ளே போய், வயசாகிவிட்டது, வெயில் வேறு, மன்னிக்க வேண்டும் என்றார். கிழவிகள் அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

வீட்டில் ஸ்மரண்டா எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "ஆக, ஊரே சேர்ந்து உன்னை நம்ப மாட்டேன்னுடுச்சு" என்றாள்.

"ஒருத்தன் நம்பினான். அவன்தான் வாயைத் திறக்காதேன்னான்."

"அது போதாதா?"

"போதலை" என்றார் டிபேரியு. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, "ஆனா பஸ் வரட்டும்" என்றார்.

சிமினாவின் புத்தகம் வந்தது, பஸ்ஸும் வந்தது. டிபேரியுவுக்கு நாட்டுப்பாடலைக் காப்பாற்றியதற்காக ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஸ்மரண்டா அதைக் கிளினிக்கில் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள். அவர் மூன்றாவது சிம்பொனியை எடுத்து ஓபோ வாசிக்கிற இடத்தை மட்டும் திருத்தினார், பெண்கள் பாடிய மாதிரி. நிகழ்ச்சி நிரலில் 'குர்பேனி பெண்களுக்கு நன்றி' என்று போட்டார். இந்த முறை பத்திரிகைக்காரர் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்.

கடைசியாக எழுதிய நான்காவது சிம்பொனியில் மெட்டு என்று சொல்ல எதுவும் கிடையாது. பல வருஷம் அதைச் செதுக்கினார். நாட்டில் வெளிநாட்டுக் கடனை அடைக்கிறோம் என்று விளக்கையும் வெப்பத்தையும் நிறுத்தி வைத்திருந்த ஒரு ஜனவரியில் அது அரங்கேறியது. வாத்தியக்காரர்கள் ஓவர்கோட்டோடு, விரல்நுனி வெட்டிய கையுறையோடு வாசித்தார்கள். சபையில் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. வெளியே இதைவிடக் குளிர். வாசிக்கிறவர்களின் மூச்சு ஆவியாக எழுந்து பித்தளைக் குழாய்களுக்கு மேலே நிற்பதைப் பார்த்துக்கொண்டே டிபேரியு கேட்டார். எழுதும்போது மனதில் கேட்டது எதுவோ, கிட்டத்தட்ட அதுவே காதிலும் கேட்டது. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

"எப்படி இருந்துச்சு?" என்று ஸ்மரண்டாவிடம் கேட்டார்.

"ஒண்ணும் புரியலை" என்றாள். "ஆனா குளிரே தெரியலை."

அடுத்த இலையுதிர் காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். பத்திரிகையில் 'நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் மறைவு' என்று நாலு வரி வந்தது. ஸ்மரண்டா போன் செய்து, அவர் நாலு சிம்பொனி எழுதினவர் என்றாள். எதிர்முனையில் இருந்தவர், "அம்மா, அப்படிப் போட்டா யாருன்னு யாருக்கும் தெரியாதும்மா" என்று பணிவாகச் சொன்னார்.

அடக்கத்துக்கு அவ்ராம் பஸ் பிடித்து வந்திருந்தார். ஒரு புட்டி பிளம் சாராயமும், ஊர் சார்பில் ஒரு கோரிக்கையும் கொண்டுவந்திருந்தார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, ஐயாவை எங்க ஊர்லயே வச்சுக்கலாமான்னு கேக்கச் சொன்னாங்க. சாவேட்டாவுக்குப் பக்கத்துல இடம் இருக்கு. நல்ல இடம், மரநிழல். விழாவுக்கு வர்றவங்க ரெண்டு பேருக்கும் பூ வச்சுட்டுப் போவாங்க."

ஸ்மரண்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊருக்கு என் நன்றியைச் சொல்லுங்க. ஆனா அந்தம்மாவோட என் வீட்டுக்காரர் பேரைச் சேத்து இதுவரைக்கும் பேசினதே போதும். அவர் இங்கேயே, எனக்குப் பக்கத்துல இருக்கட்டும்."

அவ்ராம் தலையாட்டினார். டிபேரியுவைத் திமிஷோராவிலேயே, ஓய்வுபெற்ற ஒரு ரயில்வே அதிகாரிக்கும் காலியாக விடப்பட்ட ஓர் இடத்துக்கும் நடுவில் புதைத்தார்கள். வந்தவர்களுக்கு வழக்கப்படி சர்க்கரை போட்ட கோதுமைக் களி கொடுத்தார்கள். அவ்ராம் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாராயப் புட்டியை ஸ்மரண்டாவின் கையில் கொடுத்துவிட்டு, குர்பேனி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.